சம்பா என்பது நெல்லா, பருவமா?

தஞ்சை டெல்டாவில் ஒருவரிடம் வயலில் என்ன இருக்கிறது என்று கேட்டால் “சம்பா” என்று பதில் வரலாம். அவர் சொன்னது நெல்லின் பெயரையா, பருவத்தின் பெயரையா என்று அந்த ஒரு சொல்லை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. குறுவையும் அப்படித்தான். ஆனியில் தொடங்கிப் புரட்டாசி, ஐப்பசியில் முடியும் போகத்துக்கும் குறுவை என்றே பெயர், அந்தப் போகத்தில் விளைந்த குறுகிய வயது நெல்லுக்கும் அதுவே பெயர். தாமிரபரணிக் கரையில் கார், பிசானம். செங்கல்பட்டுப் பக்கம் நவரை. எல்லாவற்றுக்கும் இதே இரட்டைப் பொருள். பெயர் வைத்தவர்களின் சோம்பல் என்று இதைத் தள்ளிவிடத் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. விதைக்குள் இருப்பது இது, வெளியே இருப்பது அது என்று பிரிக்காமல், இரண்டும் கூடுகிற இடத்துக்கு அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கடந்த நூறு ஆண்டுகளில் நெல்லின் பெயர் பருவத்திலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து ‘சர்வதேச’த்துக்கும் நகர்ந்தது. ஒவ்வொரு நகர்விலும், விளைச்சலில் மண்ணுக்கும் தண்ணீருக்கும் வெயிலுக்கும் இருந்த பங்கு கொஞ்சம் கொஞ்சமாக விதையின் வரவில் எழுதப்பட்டது. அந்த வரவுக் கணக்கு தவறு என்பது என் கட்சி.

பழைய சம்பா ரகங்களுக்கு வயது சொல்வது எளிதல்ல. ஆடி தொடக்கத்தில் நாற்று விட்டால் அது ஆறு மாதப் பயிர். ஆற்றில் தண்ணீர் தாமதப்பட்டு ஆவணியில் விட்டால் அதே நெல் ஐந்து மாதத்தில் வந்துவிடும். விதைத்த நாள் முன்பின் ஆனாலும் கதிர் வெளிவருவது கார்த்திகை, மார்கழியை ஒட்டித்தான்; அறுவடை தையில். காரணம் பகலின் நீளம். தஞ்சையில் ஜூன் கடைசியில் பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம், டிசம்பர் கடைசியில் 11 மணி 30 நிமிடம். இந்த ஒன்றேகால் மணி நேர வித்தியாசம் மனிதர்களுக்குப் பெரும்பாலும் உறைப்பதில்லை. சம்பா நெல்லின் இலைக்கு உறைக்கும். பகல் ஓர் அளவுக்குக் கீழே சுருங்கும்வரை அது இலையும் தூருமாகப் பெருத்துக்கொண்டு நிற்கும். சுருங்கிய பிறகே கதிர் கட்டத் தொடங்கும். தாவரங்கள் இப்படிப் பகலை அளக்கின்றன என்பதை அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும் 1920இல் வெளியிட்டார்கள். கோடை முழுக்க வளர்ந்து நின்றும் பூக்காத மேரிலாந்துப் புகையிலை ஒன்று, குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் பூத்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த துப்பு. டெல்டாவில் யாரும் இதற்குக் கோட்பாடு எழுதவில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூ கழுவப்பட்டுப் பதராகாமல், பால் பிடித்து முற்றும்போது வெயில் கிடைக்கும்படியாக வருகிற நெல்லையே தலைமுறை தலைமுறையாக விதைக்கு எடுத்துவைத்தார்கள். குறுவை நெல் இதற்கு நேர்மாறு. அது பகலைப் பார்ப்பதில்லை, தன் நாட்களை எண்ணுகிறது. எந்த மாதம் விதைத்தாலும் ஏறக்குறைய மூன்றரை, நான்கு மாதத்தில் அரிவாளுக்கு வந்துவிடும்.

இந்த இரண்டு குணங்களையும் ஒரே வயலில் பூட்டிய வழக்கம் ஒன்று தஞ்சையில் இருந்தது. ஊடு சாகுபடி என்று அதற்குப் பெயர். குறுவை விதையோடு ஒட்டடன் என்ற நீண்ட வயது நெல்லைச் சிறு பங்கு கலந்து, ஒன்றாக விதைத்து, ஒன்றாகவே வளர்ப்பார்கள். குறுவை முற்றியதும் வயல் முழுவதும் அறுக்கப்படும். ஒட்டடனின் தாளும் கூடவே அறுபடும். ஆனால் அது இன்னும் கதிருக்குத் திரும்பாத பயிர்; அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்த்து, பகல் சுருங்கியபின் கதிர் வாங்கி, தை, மாசியில் இரண்டாம் அறுவடை கொடுக்கும். ஒரு விதைப்பு, இரண்டு களம். உழவனுக்கு இது கூலி மிச்சம். மரபியல் படித்தவருக்கு இது பாடப்புத்தகத்துக்கு உரிய சோதனை: மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, விதைத்த நாளும் ஒன்று, ஆகவே இரு நெல்லும் கதிர் விடுவதில் உள்ள மாதக்கணக்கான இடைவெளி முழுக்க முழுக்கப் பரம்பரையிலிருந்து வந்தது என்று அவர் சொல்வார். சரிதான். ஆனால் அதே கலப்பு விதையை ஐப்பசியில் தெளித்துப் பாருங்கள். பகல் ஏற்கெனவே சுருங்கிக்கொண்டிருப்பதால் ஒட்டடன் காத்து நிற்க வேண்டிய நாட்கள் குறைந்துவிடும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெருமளவு சுருங்கிவிடும். விதையில் ஒரு மரபணுவும் மாறவில்லை. மரபணுவால் வந்த வித்தியாசம் என்று நாம் அளந்த தொகை மட்டும் மாறிவிட்டது. பரம்பரையின் பங்கு எவ்வளவு என்று கேட்பவரிடம், எந்த மாதம் விதைத்தீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

அறிவியல் இந்த இடத்துக்குச் சுற்றிக்கொண்டுதான் வந்தது. டென்மார்க்கின் ஜோஹான்சன் பீன்ஸ் விதைகளை எடைபோட்டுப் பார்த்து, விதைக்குள் கடத்தப்படுவதையும் கண்ணுக்குத் தெரியும் உருவத்தையும் வெவ்வேறு சொற்களால் குறித்தது 1909இல்; ஜீன் என்ற சொல்லும் அவர் தந்ததே. அதே ஆண்டில் ஜெர்மனியின் வோல்டெரெக், நீர்த்தெள்ளுகளுக்கு வெவ்வேறு அளவில் இரை கொடுத்து அவற்றின் தலைக் கவசத்தின் உயரத்தை அளந்தார். அவருக்குக் கிடைத்தது ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு எண் அல்ல, ஒரு கோடு: இரை இவ்வளவு என்றால் உயரம் இவ்வளவு. ஓரினத்தின் கோடு ஒரு சரிவில் ஏறியது, மற்றதன் கோடு வேறு சரிவில். உயிர் பெற்றோரிடமிருந்து வாங்கி வருவது உயரத்தை அல்ல, இந்தக் கோட்டைத்தான் என்பது அவர் முடிவு. இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால், எந்த இனம் உயரமானது என்ற கேள்விக்கே தனியாகப் பொருள் இல்லை. ஜோஹான்சனின் சொற்கள் உலகெங்கும் பரவின. வோல்டெரெக்கின் கோடு நெடுங்காலம் ஓரமாகவே கிடந்தது.

சென்னை மாகாணத்தில் நெல்லுக்கென்று ஆராய்ச்சி தொடங்கியது 1912இல், கோவையில். அங்கு பார்னெல் முதலில் செய்த வேலை, உழவர்களிடமிருந்து வாங்கிய நெல்லைத் தனித்தனிச் செடியாகப் பிரித்து, தேறியதைப் பெருக்குவது. ஒரு சம்பா என்று ஊரார் சொன்னதற்குள் சற்று வேறுபட்ட பல வம்சங்கள் கலந்திருந்தன. வருடத்துக்கு வருடம் மழை மாறுகிற இடத்தில் அந்தக் கலப்பே ஒரு காப்பு. ஆனால் ஒரே சீரான நெல்லை விரும்பிய நிலையத்துக்கு அது கலப்படம். 1921இல் வெளிவந்த ஜி.இ.பி. 24, கோனமணி என்ற நாட்டு நெல்லில் தானாகத் தோன்றிய பிறழ்விலிருந்து எடுக்கப்பட்டது. அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பதவிப் பெயரின் ஆங்கிலச் சுருக்கமே அதன் முன்னெழுத்துகள். நெல்லுக்கு உத்தியோகப் பட்டம் கிடைத்தது அநேகமாக அதுதான் முதல் தடவை! பின்னர் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரான ராமையா, கோவையில் இருந்தபோது, 1930களில், நெல் கதிர் விடும் காலம் எப்படிப் பரம்பரையாகக் கடத்தப்படுகிறது என்று ஆராய்ந்தார். ஒரு நிலையம் போதாது என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. காவிரிக்கு ஆடுதுறை, தாமிரபரணிக்கு அம்பாசமுத்திரம், ஏரிப்பாசனத்துக்குத் திரூர்க்குப்பம். ரகங்களின் பெயரில் அந்தந்த ஊரின் எழுத்துகள் ஏறின: ஏ.டி.டி., ஏ.எஸ்.டி., டி.கே.எம். பருவத்தின் பெயர் போனாலும் ஊரின் பெயராவது ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த நெல் இந்த இடத்தில்தான் தேறியது என்பது பெயரிலேயே இருந்தது.

மேட்டூர் அணை 1934இல் முடிந்ததும் டெல்டாவில் கணக்கு மாறியது. தண்ணீர் ஜூன் 12இல் வரும் என்று நம்பலாம் என்றானபோது, குறுவையும் அதையடுத்து வரும் தாளடியுமாக இருபோகம் பரவியது. அடுத்து வந்தது யூரியா. 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் தஞ்சை முதல் தொகுதியிலேயே சேர்ந்தது. உரம் போட்டதும் நாட்டு நெல்லின் ஒரு குணம் குற்றமாகிப்போனது: உயரம். தழைச்சத்து கூடக்கூட அது இலையும் தண்டுமாக ஓங்கி, கதிர் கனத்ததும் காற்றிலும் மழையிலும் படுத்துவிட்டது. உரமில்லாத காலத்தில் அதே உயரம் களையை நிழலில் அடக்கியது, தேங்கிய தண்ணீருக்கு மேலே தலையை வைத்துக்கொண்டது, மாட்டுக்கு வைக்கோலும் கூரைக்குத் தாளும் கொடுத்தது. உயரத்தின் மரபணு மாறவில்லை; அதைச் சுற்றியிருந்த வயல் மாறியதால் நல்லது கெட்டதானது.

முதல் விடையை ஜப்பானிய நெல்லில் தேடினார்கள். அதுவும் புதிய யோசனை அல்ல. தைவானை ஆண்ட ஜப்பானியர், தங்கள் நாட்டு நெல்லை அங்கே நட்டபோது அது வெப்பத்திலும் குறும்பகலிலும் வளர்வதற்கு முன்பே பூத்துச் சீரழிந்தது. இசோவும் சுஎநாகாவும் 1920களில் கண்ட வழிகளில் ஒன்று விதையை மாற்றுவதே அல்ல: நாற்றை இளசாகவே பிடுங்கி நடுவது. நாற்றங்காலில் நிற்கும் நாட்களைக் குறைத்ததும், தேறாத ரகம் என்று பெயரெடுத்தவை ஓரளவு தேறத் தொடங்கின. இந்த நிகழ்ச்சி நெல் வரலாற்றில் பெறவேண்டிய இடத்தைப் பெறவில்லை என்றே நினைக்கிறேன். புது விதையைப் போல நாற்றின் வயதைப் படம் பிடித்து விளம்பரப்படுத்த முடியாது அல்லவா? இங்கே ஜப்பானின் நோரின் 10ஐயும் நம் ஜி.இ.பி. 24ஐயும் ஒட்டிய சந்ததியிலிருந்து ஆடுதுறையில் தேர்ந்தெடுத்த ஏ.டி.டி. 27, 1960களின் நடுவில் குறுவைக்கு வந்தது. அதற்குப் பின்னாலேயே வந்தது ஐ.ஆர். 8. தைவானின் குட்டை நெல்லான டீ-ஜியோ-ஊ-ஜென்னையும் இந்தோனேசியாவின் நெட்டை நெல்லான பேட்டாவையும் பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் நிலையத்தில் 1962இல் கலந்து, 1966 நவம்பரில் வெளியிட்ட ரகம். பெயரில் பருவமும் இல்லை, ஊரும் இல்லை. ‘சர்வதேச நெல்’ என்பதன் இரண்டு எழுத்துகளும் ஓர் எண்ணும்தான். பகலை அது பார்ப்பதில்லை, எங்கும் எப்போதும் போடலாம். பத்திரிகைகள் அதிசய நெல் என்றன. வட ஆற்காடு மாவட்டத்து விவசாயி ஒருவர் தம் மகனுக்கே அந்தப் பெயரை வைத்ததாகப் பதிவாகியிருக்கிறது.

அதிசயம் விதையில்தான் இருந்தது என்று வாதிடுபவர்களுக்கு ஒரு பலமான சான்று உண்டு. 1966இல் லாஸ் பான்யோஸில் தே தத்தா நடத்திய சோதனையில், ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து போட்டபோது ஐ.ஆர். 8 ஏறக்குறைய 10 டன் கொடுத்தது. தழைச்சத்தே போடாதபோதும் 5 டன் அளவுக்குக் கொடுத்தது. உரமில்லாமலே இவ்வளவு என்றால் பெருமை மரபணுவுக்குத்தானே என்று கேட்கலாம். ஆனால் உரமில்லாத பாத்தி, சூழலில்லாத பாத்தி ஆகிவிடாது. வேண்டியபோது வேண்டிய தண்ணீர், களையும் பூச்சியும் அண்டாத காவல் எல்லாம் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையின் சொத்து. இதைவிடக் கூர்மையான பதிலை அதே நிலையம் 2010இல் கொடுத்தது. அங்கே ஐ.ஆர். 8ஐத் திரும்பத் திரும்பப் பயிரிட்டதில், 1960களின் கடைசியில் 9, 10 டன் கொடுத்த நெல் பின்னாளில் 7 டன் அளவில் நின்றுவிட்டது. விதை கெட்டிருக்கும் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் சந்தேகம். விதை வங்கியில் பாதுகாத்துவைத்த பழைய விதையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காரணம் விதையில் இல்லை. மாறியது வயல்: இரவு வெப்பம், மண், நோய், பூச்சி. நெல் அதே, நிலையம் அதே, ஆனால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காணாமல் போனது. அந்த ஒரு பங்கு முதலிலேயே விதைக்குச் சொந்தமாக இருந்ததில்லை.

குட்டையாக்கிய அந்த மரபணு எது என்பது 2002இல் தெரிந்தது. எஸ்.டி. 1 என்பது, தண்டை நீட்டும் ஜிப்பெரலின் என்ற ஊக்கியை உண்டாக்குவதில் ஒரு படியைச் செய்யும் மரபணு. குட்டை நெல்லில் அதன் ஒரு துண்டு அறுந்துபோயிருக்கிறது. அப்படியானால் இது உயரத்துக்கான மரபணு என்று பெயரிட்டு முடித்துவிடலாமா? 2018இல் ஜப்பானிய ஆய்வாளர் குழு ஒன்று வங்கதேசத்தின் ஆழ்நீர் நெல்லை ஆராய்ந்தது. வெள்ளம் ஏற ஏற ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட நீண்டு, இலையைத் தண்ணீருக்கு வெளியே வைத்துக்கொள்ளும் நெல் வகை அது. அந்த நீட்சியைச் செலுத்துவதும் இதே எஸ்.டி. 1இன் வேறொரு வடிவம்தான். ஆனால் வெள்ளம் வராத ஆண்டில் அதே விதை அப்படி நீளாமல், மற்ற நெல்லைப் போலவே நிற்கும். கதிர் விடும் காலத்தை ஆளும் ஹெச்.டி. 1 என்ற மரபணுவின் கதை இன்னும் விசித்திரம்: குறும்பகலில் அது பூப்பதைத் தூண்டுகிறது, நெடும்பகலில் அதையே தடுக்கிறது. இது பூக்கவைக்கும் மரபணுவா, பூக்கவிடாத மரபணுவா என்பதற்குச் சூரியனைக் கேட்காமல் விடை இல்லை. ஐ.ஆர். 8ஐ அந்த ஆழ்நீர் வயலில் போட்டால் மூழ்கிச் சாகும். ஆழ்நீர் நெல்லை யூரியா போட்ட பாசன வயலில் போட்டால் வைக்கோல்தான் மிஞ்சும். வோல்டெரெக்கின் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இரண்டும் சேர்ந்ததுதான் எல்லாம் என்பது எந்தக் குழந்தைக்கும் தெரிந்த செய்தி, இதற்கு ஒரு கட்டுரை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. மேலும், எல்லா இடத்திலும் கோடுகள் வெட்டிக்கொள்வதும் இல்லை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தில் 12 உருளைக்கிழங்கு ரகங்களை வெவ்வேறு உரங்களோடு நட்ட சோதனையை ஃபிஷரும் மெக்கன்சியும் 1923இல் அலசினார்கள். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய புள்ளியியல் முறையொன்றின் முதல் பயன்பாடு அது. ரகத்துக்கு ரகம் உரத்தின் பலன் வேறுபடவில்லை என்பதே அவர்கள் கண்டது. அந்த மாதிரி இடத்தில் ரகத்தின் பங்கு இவ்வளவு, உரத்தின் பங்கு இவ்வளவு என்று பிரித்துக் கூட்டலாம், தப்பில்லை. ஆனால் கூட்டலாம் என்பது சோதித்துக் கண்ட முடிவாக இருக்க வேண்டும், முன்கூட்டியே வைத்துக்கொண்ட நம்பிக்கையாக அல்ல. மனிதர்களின் அறிவையும் வறுமையையும் பரம்பரைக்கு இத்தனை, வளர்ப்புக்கு இத்தனை என்று பங்கு போட்டவர்களை எதிர்த்து லான்சலாட் ஹாக்பென் 1933இல் எழுதியதும் இதைத்தான். உருளைக்கிழங்குக்குப் பொருந்திய கூட்டல் ஒட்டடனுக்கே பொருந்தவில்லையே.

இன்னொரு அச்சம் வரலாற்றிலிருந்து வருவது. சூழலுக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் சோவியத் வேளாண் ஆய்வாளர் லைசென்கோவின் வழியில் போய்ச்சேர மாட்டோமா? கோதுமை விதையைக் குளிரூட்டி அதன் பருவத்தை மாற்றலாம் என்பதில் தொடங்கி, பரம்பரையையே அப்படி மாற்றலாம் என்று அவர் போனார். 1948இல் சோவியத் நாட்டில் மரபியல் பாடமே ஒடுக்கப்பட்டது. அதற்கு முன்பே, உலகமெங்கும் விதை சேகரித்த வாவிலோவ் 1943இல் சிறையில் இறந்திருந்தார். ஆனால் சம்பா இதற்கு எதிர்ச்சாட்சி. ஐப்பசியில் விதைத்து அவசரமாகக் கதிர் விட்ட சம்பாவின் நெல்லை அடுத்த ஆடியில் விதைத்தால் அது குறுவையாகிவிடாது, பழையபடி தைக்காகக் காத்து நிற்கும். சூழல் மாற்றியது பயிரை, கோட்டை அல்ல. லைசென்கோ விட்ட இடமும் அதிசய நெல் என்றவர்கள் விட்ட இடமும் எதிரெதிர்த் திசையில் இருந்தாலும் இழந்தது ஒன்றுதான்: விதையில் இருப்பது ஒரு பதில் அல்ல, வயல் கேட்கிற கேள்விக்கேற்ற பதில்களின் வரிசை என்ற செய்தி.

டெல்டாவில் இந்த மறதிக்கு விலை இருந்தது. நாட்களை எண்ணுகிற நெல்லுக்கு அணை தேதி தவறக்கூடாது. தண்ணீர் ஒரு மாதம் பிந்தினால் அறுவடையும் ஒரு மாதம் பிந்தி, குறுவைக் கதிர் வடகிழக்குப் பருவமழையில் நனைந்து களத்துக்கு வரும். பகலை அளக்கிற நெல் அந்தத் தாமதத்தைத் தானே விழுங்கிக்கொண்டது. புதிய நெல் அதை விவசாயியிடம் திருப்பிக் கொடுத்தது. எங்கும் எப்போதும் போடலாம் என்பதற்கு மேட்டூர் எங்கும் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பதும் பொருள். 1980களில் சம்பாவுக்கு வந்து நிலைத்த சி.ஆர். 1009, ஐந்து மாதத்துக்கும் மேற்பட்ட வயதுடையது. நீண்ட வயது நெல்லை முற்றிலும் கைவிட முடியாது என்பதை அந்த ரகத்தின் வெற்றி காட்டியது. நாட்டு விதை இயக்கத்தவரில் சிலர் இப்போது எதிர்ப்பக்கம் நின்று அதே தவறைச் செய்கிறார்கள். காட்டுயானம் வறட்சியைத் தாங்கும், மாப்பிள்ளைச் சம்பா வலு தரும் என்று, எந்த மண், எந்தப் பட்டம் என்ற பேச்சே இல்லாமல், குணங்களை விதைக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். அதே இயக்கத்தைச் சேர்ந்த நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் 2006இல் தொடங்கிய விதைத் திருவிழாவின் ஏற்பாடு இதைவிட நுட்பமானது. இரண்டு கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அதாவது ஒவ்வொரு விதையும் யாரோ ஒருவர் வயலில் ஒரு பருவம் வாழ்ந்துவிட்டுத்தான் திரும்ப வர முடியும்.

இன்று டெல்டாவில் சம்பாவுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பது சாதாரணம். பதில் ஓர் எண்ணாக வரும். அரிசிக் கடையில் சம்பா இருக்கிறதா என்று கேட்பதும் சாதாரணம். அங்கே மூட்டையைக் காட்டுவார்கள். வயலில் அது வெறும் பருவம், கடையில் அது வெறும் அரிசி.